மனையியல்: யாருடைய மனை, யாருடைய தொழில்?

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தில் என் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் குறைவு. 'சமையல் டீச்சர்' என்றுதான் சொல்வார்கள். இயற்பியல் வாத்தியாரை யாரும் 'தராசு வாத்தியார்' என்று சொல்வதில்லை. எனக்கு மட்டும் அப்படி ஒரு பேரு. என்னைப்போல மனையியல் எடுத்த ஆசிரியைகள் எல்லாருக்கும் இந்த வருத்தம் உண்டு. பயிற்சி முகாம், விடைத்தாள் திருத்துகிற இடம் என்று எங்கே கூடினாலும் கொஞ்ச நேரத்தில் பேச்சு இதில்தான் வந்து நிற்கும். "நம்மளை என்னன்னு நெனச்சுட்டு இருக்காங்க இவங்க? இதுவும் ஒரு புரொஃபஷன்தானுங்களே?"

இந்தப் 'புரொஃபஷன்' என்ற சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன். தமிழில் பேசிக்கொண்டே வருகிறவர்கள் இந்த இடத்தில் மட்டும் இங்கிலீசுக்குப் போய்விடுகிறார்கள். 'தொழில்' என்று ஒரு சொல் இருக்கிறது. அதைச் சொல்ல வாய் வருவதில்லை. ஏன் என்று யோசித்தால் விசயம் புரியும். எங்க ஊர்ப் பக்கம் தொழில் என்றால் அது சாதியோடு ஒட்டிக்கொண்டு வருகிற சொல். வண்ணாரத் தொழில், சவரத் தொழில், சக்கிலித் தொழில். சம்பளமும் மரியாதையும் இருந்தால் அது உத்தியோகம். ஒண்ணும் இல்லாட்டி அது வெறும் வேலை. அதனால் மனையியல் ஆசிரியைகள் தங்கள் வேலைக்கு மரியாதை கேட்கும்போது, சாதி வாடை அடிக்காத ஒரு சொல்லைத் தேடிப் போகிறார்கள். சொல் கிடைத்துவிட்டது. வாடை போய்விட்டதா என்பதுதான் என் கேள்வி.

*

எருமப்பட்டி, நாமக்கல்லில் இருந்து துறையூர் போகிற ரோட்டில் இருக்கிறது. நிமிர்ந்து பார்த்தால் கொல்லிமலை. சின்ன வெங்காயம், கடலைக்காய், குச்சிக்கிழங்கு, அப்புறம் திரும்பின பக்கமெல்லாம் கோழிப்பண்ணை. 1997இல் சேலத்தில் இருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிந்தது. எங்க அருந்ததியர் வளவு எதிலிருந்தும் பிரியவில்லை. ஊருக்குக் கீழ்ப்புறம் எப்போதும் இருந்த இடத்தில்தான் இருந்தது.

எங்கம்மா ஒரு பண்ணையத்தில் வேலை செய்தது. விடியறதுக்கு முன்னாடி போய்க் கட்டுத்தரையில் சாணி வழிக்கணும். வாசல் கூட்டித் தெளிக்கணும். குழந்தைகளின் பீத்துணி அலசணும். தானியம் காயப்போட்டுக் காவல் இருக்கணும். திரும்பி வரும்போது போசியில் களியோ பழைய சோறோ வாங்கிட்டு வரும். சமையலறைக்குள் மட்டும் போனதே கிடையாது. அந்த வீட்டின் அடுப்பு எந்தப் பக்கம் இருக்கிறது என்று எங்கம்மாவுக்குக் கடைசிவரை தெரியாது. பெரியார் பெண்களைச் சமையலறையிலிருந்து விடுவிக்கச் சொன்னார். எங்கம்மாவுக்கு விடுபடுவதற்கு ஒரு சமையலறையே இல்லை. எங்க வீட்டில் மூணு கல்லும் ஒரு சட்டியும்தான்.

இந்த வீட்டில் இருந்து போய்த்தான் நான் 1990களில் மேல்நிலை வகுப்பில் மனையியல் எடுத்தேன். எடுத்தேன் என்று சொல்வது சரியில்லை, தள்ளிவிட்டார்கள். மார்க் கம்மியான பெண் பிள்ளைகளைத் தள்ளிவிடுகிற குரூப் அது. ஆனால் ஒரு உண்மையைச் சொல்லணும். அந்தப் பாடம் எனக்குப் பிடித்தது. சோறாக்குவதிலும் துணி துவைப்பதிலும் பிள்ளை வளர்ப்பதிலும் 'அறிவு' இருக்கிறது என்று முதன்முதலாக ஒரு புத்தகம் எனக்குச் சொன்னது. எங்கம்மா செய்கிற வேலைக்குள்ளேயும் வேதியியல் இருக்கிறது என்று தெரிந்த அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

*

எங்கள் ஆசிரியைகள் தங்கள் வேலைக்கு மூன்று நியாயங்கள் சொல்கிறார்கள். முகாம்களில் கேட்டுக்கேட்டு எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

முதலாவது, 'இது சயின்ஸ்'. இதற்கு வரலாற்று ஆதாரம் உண்டு. அமெரிக்காவில் எல்லன் ரிச்சர்ட்ஸ் என்ற வேதியியல் அறிஞர் 1899இல் லேக் பிளாசிட் என்ற ஊரில் கூட்டிய மாநாட்டிலிருந்து இந்தத் துறையின் கதையைத் தொடங்குவார்கள். அவர் பெரிய ஆராய்ச்சியாளர். ஆனால் பெண் என்பதால் ஆண்களின் ஆய்வுக்கூடங்களில் அவரைப் போன்றவர்களுக்கு இடம் இல்லை. ஆய்வுக்கூடம் கிடைக்காத பெண்கள் அடுப்படியையே ஆய்வுக்கூடம் ஆக்கினார்கள். இதில் ஒரு கலகமும் இருக்கிறது, ஒரு தோல்வியும் இருக்கிறது. 1909இல் அவர்களுக்கென்று சங்கம் வந்தது. 1917இல் அங்கே வந்த தொழிற்கல்விச் சட்டம் இந்தப் பாடத்துக்கு அரசுப் பணம் கொடுத்தது. 1994இல் அந்தச் சங்கம் தன் பேரையே 'குடும்ப, நுகர்வோர் அறிவியல்' என்று மாற்றிக்கொண்டது. 'சமையல் டீச்சர்' என்ற பேரின் உறுத்தல் அங்கேயும் இருந்திருக்கிறது.

இங்கே 1932இல் அகில இந்தியப் பெண்கள் மாநாட்டின் முயற்சியில் டில்லியில் லேடி இர்வின் கல்லூரி வந்தது. நம் பக்கத்தில் 1957இல் கோயம்புத்தூரில் அவினாசிலிங்கம் மனையியல் கல்லூரி. அதைப் பெரிதாக வளர்த்த ராஜம்மாள் தேவதாஸ் பேரைச் சொல்லாமல் எங்கள் கூட்டம் எதுவும் தொடங்காது. அந்தக் கல்லூரி 1988இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமும் ஆனது.

ஒரு பேரை மட்டும் நான் எந்தக் கூட்டத்திலும் கேட்டதில்லை. ஃப்ளெமி கிட்ரெல். வட கரோலினாவில் 1904இல் பிறந்த கறுப்பினப் பெண். சத்துணவியலில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். வாஷிங்டனில் கறுப்பினத்தவரின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் மனையியல் துறைக்குத் தலைமை ஏற்றவர். தன் நாட்டில் வெள்ளைக்காரர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலத்தில், 1950இல் இந்தியாவுக்கு வந்து, பரோடா பல்கலைக்கழகத்தில் மனையியல் கல்லூரி அமைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தார். இந்த நாட்டு மனையியலின் அஸ்திவாரத்தில் ஒடுக்கப்பட்ட இனத்துப் பெண் ஒருத்தியின் கையும் இருக்கிறது. ரிச்சர்ட்ஸ் பேர் எங்களுக்குத் தெரிந்தது, கிட்ரெல் பேர் தெரியாமல் போனது. இதைத் தற்செயல் என்று என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

*

இரண்டாவது நியாயம், 'நல்ல குடும்பத்தை உருவாக்குகிறோம், இது சேவை'. மூன்றாவது, 'பெண் பிள்ளைகளுக்குப் பிழைப்புக்கு வழி காட்டுகிறோம்'. இந்த இரண்டும் நேரெதிரானவை என்பதை யாரும் கவனிப்பதில்லை. சேவைக்குச் சம்பளம் கேட்க முடியாது, பிழைப்புக்குச் சம்பளம் இல்லாமல் முடியாது. ஆனால் இந்த மூன்று நியாயத்திலும் பொதுவான ஒன்று இருக்கிறது. எங்கள் பாடம் எந்தெந்த வேலைகளால் ஆனதோ, அந்த வேலைகளைத் தலைமுறை தலைமுறையாகச் செய்துவருகிற ஆட்கள் இதில் எங்கேயும் இல்லை.

பாடத்திட்டத்தை எடுத்து வைத்துப் பாருங்கள். துணிகளும் சலவையும் என்று ஒரு பகுதி. உவர்மண்ணும் வெள்ளாவியும் வைத்து இந்த அறிவைக் காப்பாற்றியவர்கள் வண்ணார்கள். தலித்துகளுக்கே துவைத்துப்போட்டுப் 'பார்த்தாலே தீட்டு' என்று ஒதுக்கப்பட்டவர்கள் புதிரை வண்ணார்கள். வீட்டுச் சுகாதாரம், கழிவு நீக்கம் என்று ஒரு பகுதி. அதைச் செய்து சாக்கடைக் குழிக்குள்ளேயே செத்துப்போகிறவர்களில் பெரும்பகுதி எங்க ஆட்கள். பேறுகாலப் பராமரிப்பு என்று ஒரு பகுதி. ஊர் ஊருக்குப் பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் நாவிதச் சமூகத்து மருத்துவச்சிகள். சாதி என்பது வேலையை மட்டும் பங்கு பிரிக்கவில்லை, வேலை செய்கிற மனுசங்களையே மேல் கீழாக அடுக்கிவிட்டது என்று அம்பேத்கர் 1936இலேயே விளக்கிவிட்டார். மனையியல் அந்த அடுக்கைக் கலைக்கவில்லை. வேலையை மட்டும் உருவி எடுத்து, கழுவித் துடைத்து, ஒரு பட்டம் கட்டி மேல்படியில் வைத்தது. செய்தவர்கள் கீழ்ப்படியிலேயே நிற்கிறார்கள். வண்ணார் பெண் துவைத்தால் அது குலத்தொழில். பட்டம் வாங்கினவர் சொல்லிக்கொடுத்தால் அது புரொஃபஷன்.

ஆசிரியைகளை மட்டும் குறை சொல்லிவிட்டுப் போக நான் வரவில்லை. அவர்களும் அடிபட்டவர்கள்தான். பெண் என்பதால் அவர்கள் பாடத்துக்கு மதிப்பில்லை. ஆண் சமைத்தால் 'மாஸ்டர்', அவன் படித்தால் 'கேட்டரிங்'. 2012இல் தமிழ்நாட்டு அரசு ஓவியம், உடற்கல்வி, தையல் போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தது. மாதச் சம்பளம் 5,000 ரூபாய். கையால் செய்கிற எதையும் சொல்லிக்கொடுக்கிறவருக்கு இந்தச் சமூகம் வைத்திருக்கிற விலை அது. ஆனால் இந்த அவமதிப்புக்கு மருந்தாக அவர்கள் தேர்ந்தெடுக்கும் வழி, 'நாங்கள் வேலைக்காரி செய்கிற வேலையைச் செய்யவில்லை' என்று காட்டுவதுதான். இதற்குப் பேர் மேல்நிலையாக்கம். கீழே இருப்பவரிடமிருந்து தள்ளி நின்றால் மேலே இருப்பவர் மதிப்பார் என்ற நம்பிக்கை. எந்தச் சாதிக்கும் அது பலித்ததில்லை, எந்தப் பாடத்துக்கும் பலிக்காது.

*

என் செய்முறைத் தேர்வைப் பற்றிச் சொல்கிறேன்.

ஆளுக்கு ஒரு பதார்த்தம் செய்யணும். எனக்குச் சீட்டில் வந்தது கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. வீட்டில் செய்கிறதுதான், பயமே இல்லை. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் வரிசையாகத் தட்டுத் தட்டாகப் பார்த்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தட்டிலும் கரண்டி நுனியில் எடுத்து வாயில் போட்டுப் பார்ப்பார், குறித்துக்கொள்வார். என் மேசைக்கு வரும் முன்னால் எங்கள் டீச்சர் அவர் காதோரம் என்னமோ சொன்னார். என் தட்டுக்கு முன்னால் நின்றவர் கரண்டியைக் கையிலேயே வைத்துக்கொண்டார். "கலர் நல்லா வந்துருக்குதும்மா" என்றார். சிரித்தார். எழுதினார். அடுத்த தட்டுக்குப் போய்விட்டார்.

மார்க் குறைக்கவில்லை. அதுதான் விசயம். நல்ல மார்க்கே போட்டார். யாரிடம் போய் என்ன சொல்வது? எதை வைத்துப் புகார் சொல்வது? கெட்டவர் என்றும் சொல்ல முடியாது, அன்பாகத்தான் பேசினார். கால்சியம், இரும்புச்சத்து, கிருமி, தூய்மை எல்லாம் படித்தவர். என் கை சுத்தமா என்று பார்த்தால் விஞ்ஞானம். அவர் கையைப் பார்க்கவில்லை, என் வளவைப் பார்த்தார். சுத்தம் வேறு, தீட்டு வேறு. முன்னது சோப்பில் போகும். மனையியல் பாடம் முன்னதைப் பற்றி நூறு பக்கம் பேசும். பின்னதைப் பற்றி ஒரு வரி பேசாது. பேசாமல் விட்டதால்தான் முன்னதின் பேரில் பின்னது வகுப்புக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

மிச்ச அடையை வீட்டுக்கு எடுத்துப்போனேன். எங்கம்மா தின்னுட்டு, "உப்புக் கொஞ்சம் சப்புன்னு இருக்குது சாமி" என்றது. என் தேர்வில் ருசி பார்த்து மதிப்பீடு செய்த ஒரே ஆள் அதுதான்.

*

அப்புறம் நானே ஆசிரியை ஆனேன். இனி என் பங்கு.

புரதம் பாடம் நடத்தும்போது நான் என்ன எழுதிப்போட்டேன்? பருப்பு, பால், முட்டை, மீன், இறைச்சி. 'இறைச்சி' என்ற சொல்லோடு நிறுத்திக்கொள்வேன். எந்த இறைச்சி என்று சொல்லமாட்டேன். பல வருசம் இப்படித்தான். ஒருநாள் ஒரு புள்ளை எழுந்து கேட்டாள். "ஏனுங் மிஸ், நாங்க ஞாயித்துக்கெழமை திங்கறதுல சத்து இல்லீங்களா? அது அட்டவணைல இல்லீங்களே." வகுப்பில் சிரிப்பு. அவளும் எங்க வளவைப் போல ஒரு வளவிலிருந்து வந்தவள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "உக்காரு, அப்பறம் சொல்றேன்" என்றேன்.

அட்டவணையில் இல்லை என்பது பொய். கோபாலன் முதலானோர் தொகுத்து 1971இல் ஐதராபாத் தேசிய சத்துணவு நிறுவனம் வெளியிட்ட உணவு மதிப்பு அட்டவணை இந்த நாட்டின் எல்லா மனையியல் துறைகளிலும் புழங்கியது. அதில் மாட்டிறைச்சி இருக்கிறது. நூறு கிராமில் சுமார் 22 கிராம் புரதம். பக்கத்திலேயே ஆட்டிறைச்சி, ஏறக்குறைய அதே அளவு. எருமைக்கறி இருக்கிறது, பன்றிக்கறி இருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராம் கால்சியம். தீட்டின அரிசியில் வெறும் 10. கொள்ளில் 22 சதவீதம் புரதம். ஏழைகளின் தீனி என்று ஏளனம் செய்யப்பட்ட களியும் கொள்ளுச்சாறும் கறியும் அந்த அட்டவணையில் தலைநிமிர்ந்து நிற்கின்றன. ஆய்வுக்கூடத்துக்குச் சாதி தெரியவில்லை. ஆய்வுக்கூடத்துக்கும் கரும்பலகைக்கும் நடுவில் எங்கேயோ மாடு காணாமல் போய்விடுகிறது. காணாமல் அடித்தவர்களில் நானும் ஒருத்தி. பயம்தான். இவளும் அதான் தின்கிறாள் என்று ஆசிரியர் அறையில் பேச்சு வருமே என்ற பயம். புரொஃபஷன் எனக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவு லேசானது, ஒரு துண்டுக் கறியின் பேரைச் சொன்னால் பறந்துவிடும் என்று எனக்கே தெரிந்திருந்தது.

மராத்தியில் சாகு படோலே என்பவர் மராட்வாடா தலித் மக்களின் சமையலைப் பற்றி 2015இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார். 2009இல் புனே பல்கலைக்கழகத்தில் சர்மிளா ரெகே தன் மாணவர்களோடு சேர்ந்து, இந்தியச் சாப்பாடு என்று சொல்லப்படும் தட்டில் யார் சாப்பாடு இல்லை என்று கேட்டார். அது பெண்ணியத் துறையிலிருந்து வந்த கேள்வி, மனையியல் துறையிலிருந்து அல்ல. நம் பக்கத்து உப்புக்கண்டத்தையும் ரத்தப் பொரியலையும் யார் எழுதப்போகிறார்கள்? படித்த நாமே வெட்கப்பட்டால் யார் எழுதுவார்கள்?

*

1953இல் ராஜாஜி அரை நாள் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பன் தொழில் என்று திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று சொல்லி தமிழ்நாடே எதிர்த்தது. 1954இல் அது ஒழிந்தது. நியாயமான போராட்டம். ஆனால் பையன் அப்பன் தொழிலைப் படிக்கக்கூடாது என்று பொங்கினவர்கள், பெண் பிள்ளை அம்மா வேலையைப் படிப்பதைப் பற்றி வாய் திறக்கவில்லை. பரோடாவில் மனையியல் வந்தபோது அங்கே துணைவேந்தராக இருந்த ஹன்சா மேத்தாவே, பின்னால் 1960களின் தொடக்கத்தில் தன் தலைமையிலான குழுவில், ஆணுக்கும் பெண்ணுக்கும் பாடத்திட்டத்தைப் பிரிக்காதீர்கள் என்று பரிந்துரைத்தார். மனையியலைப் பெண்களுக்கு மட்டும் கட்டாயமாக்கக் கூடாது என்று கோத்தாரி குழுவும் சொன்னது. நான் பாடம் நடத்திய காலம் முழுக்க என் வகுப்பில் ஒரு பையன் உட்கார்ந்ததில்லை.

அவினாசி பக்கத்தில் திருமலைக்கவுண்டம்பாளையம் பள்ளியில் 2018இல் அருந்ததியப் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதியினர் தகராறு செய்தார்கள். அதிகாரிகள் தகராறு செய்தவர்களை விட்டுவிட்டு அந்த அம்மாவை இடம் மாற்றினார்கள். போராட்டம் நடந்த பிறகுதான் திரும்ப அங்கேயே வேலை கொடுத்தார்கள். 2023இல் பக்கத்துக் கரூர் மாவட்டத்தில் காலை உணவுத் திட்டத்திலும் இதே கதை. முதல் செய்தி வந்த வாரம் நான் மனையியல் ஆசிரியைகளோடு ஒரு முகாமில் இருந்தேன். சமச்சீர் உணவு பற்றி நாள் முழுக்கப் பேசினோம். சமைத்த கையைப் பற்றி அங்கே யாரும் பேசவில்லை. நானும் பேசவில்லை. இதைவிட எங்கள் பாடத்துக்கு நெருக்கமான செய்தி வேறென்ன இருக்க முடியும்?

1982 ஜூலையில் சத்துணவுத் திட்டம் தொடங்கியதிலிருந்து கோடிக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்டவர்கள் அந்தப் பெண்கள். முறையான காலமுறைச் சம்பளம் கேட்டுத் தெருவில் உட்கார்ந்தபடியே வயசாகிவிட்டது. அங்கன்வாடித் திட்டம் 1975இல் வந்தது. அதில் வேலை செய்கிறவர்களுக்கு மத்திய அரசு கொடுப்பதற்குப் பேர் 'மதிப்பூதியம்'. ஊதியம் என்று சொன்னால் தொழிலாளி ஆகிவிடுவார்கள் அல்லவா? பணிக்கொடைக்கு அவர்களுக்கு உரிமை உண்டு என்று உச்சநீதிமன்றம் சொல்லவே 2022 ஆகிவிட்டது. வீட்டுவேலை செய்வோருக்கான உலகத் தொழிலாளர் அமைப்பின் 2011 உடன்படிக்கையை இந்தியா ஏற்று உறுதிசெய்யவில்லை. மனையியல் சொல்லிக்கொடுப்பது தொழில் என்றால், மனையியலைச் செய்வது தொழில் இல்லையா? ஆசிரியைகளின் மரியாதை இவர்களின் கூலியோடு கட்டப்பட்டிருக்கிறது. கீழே இருக்கும் வேலைக்கு மதிப்பு ஏறாமல் மேலே இருக்கும் பாடத்துக்கு மதிப்பு ஏறாது.

படிக்கிற தோழர்களுக்கும் ஒன்று சொல்லணும். 2009இல் அருந்ததியருக்கு 3 சதவீத உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. இப்படிப்பட்ட உள் ஒதுக்கீடு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது. நம் பிள்ளைகள் இனி ஆசிரியர் அறைக்குள் கூடுதலாகப் போவார்கள். போய் என்ன செய்யப்போகிறோம்? 'உக்காரு, அப்பறம் சொல்றேன்' என்று நான் சொன்ன மாதிரி சொல்லப்போகிறோமா?

அந்தப் புள்ளைக்கு நான் 'அப்பறம்' சொல்ல இரண்டு வருசம் ஆனது. அதற்குள் அவள் படிப்பை விட்டுவிட்டுக் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போய்விட்டாள். ஒருநாள் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். கையில் ஒரு அட்டை நிறைய டேமேஜ் முட்டை, பண்ணையில் விலை குறைத்துக் கொடுத்தது. "நல்லாருக்கீங்களா மிஸ்?" என்றாள். அட்டவணையைப் பற்றிச் சொன்னேன். நூறு கிராமுக்கு எத்தனை கிராம் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

"அது எனக்குத் தெரியுமுங்க மிஸ். நீங்க கிளாஸ்ல சொல்லோணும்னுதான் கேட்டேன்" என்றாள்.

அடுத்த வருசத்திலிருந்து கரும்பலகையில் பேரோடு எழுதினேன். செய்முறைத் தேர்வில் எல்லாத் தட்டிலும் ருசி பார்த்தேன். ஆசிரியர் அறையில் பேச்சு வந்தது. வரட்டும்.